ஜாக்கியின் தவறை எந்தக் கோலால் அளப்பது?

வேளச்சேரி வாசு:

குதிரைப் பந்தயம் தொடர்ந்து பார்ப்பவர்கள், முக்கியமாக லாயத்துப் பக்கம் பழகியவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். எங்கள் வாட்ஸாப் குழுவில் போன சனிக்கிழமை ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. இருபது வருடப் பழக்கமுள்ள இரண்டு பேர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.

நடந்தது இதுதான். 1,400 மீட்டர் ரேஸ். எந்த ஊர், எந்தக் குதிரை என்று சொல்லப் போவதில்லை, அந்தப் பையனின் பெயரை இன்னும் ஒரு இடத்தில் இழுத்துவிட எனக்கு மனமில்லை. ஃபேவரிட் மேல், அதாவது ஜெயிக்கும் என்று அதிகம் பேர் பணம் கட்டிய குதிரை மேல், ஒரு அப்ரெண்டிஸ், தொழில் பழகும் ஜாக்கி. கேட் திறந்ததிலிருந்து உள்பக்க வேலியான ரெயிலை ஒட்டியே நாலாவது, ஐந்தாவதாக வந்தான். கடைசி நேர்ப் பாதையான ஸ்ட்ரெயிட்டுக்குள் நுழைந்ததும் முன்னால் இரண்டு குதிரைகள் சுவர் மாதிரி நிற்க, வெளிப்பக்கம் இன்னொன்று தோளோடு தோள், உள்ளே ரெயில். வழி கிடைத்தபோது நூறு மீட்டர்தான் பாக்கி. அந்த நூறு மீட்டரில் குதிரை பறந்தது, ஆனாலும் கழுத்தளவில் இரண்டாவது.

குழுவில் வந்த முதல் செய்தி "வித்துட்டான்", அதாவது காசு வாங்கிக்கொண்டு தோற்றுவிட்டான். அடுத்தது "இழுத்துப் பிடிச்சுட்டான், கண்ணாலே பார்த்தேன்". அப்புறம் அவன் அப்பா அம்மா வரைக்கும் போய்விட்டது. இதே பையன், இதே மாதிரி ரெயிலை ஒட்டிப் பதுங்கி வந்து, கடைசி 200 மீட்டரில் முன்னால் போன குதிரை சற்று விலக, அந்தச் சந்தில் நுழைந்து ஜெயித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு "இந்த வயசுல என்ன நிதானம்" என்று எழுதியவர்களும் இவர்கள்தான்.

நான் ரீப்ளேயை ஏழெட்டு முறை பார்த்தேன். இரண்டு ரேஸையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன். பையன் செய்ததில் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. முன்னால் போன குதிரை அன்றைக்கு விலகியது, இந்த முறை விலகவில்லை. அவ்வளவுதான்.

பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு கிண்டிக்குப் போன காலத்திலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். ஜெயித்தால் நல்ல குதிரை, தோற்றால் மோசமான ஜாக்கி. ரேஸ் நடுவர்களான ஸ்டூவர்ட்ஸாவது இதைவிட ஒழுங்காகப் பார்க்கிறார்களா? ரேஸின் முடிவை வைத்து அளக்காமல், அந்த நொடியில் அவன் எடுத்த முடிவை வைத்து அளக்க வழி இருக்கிறதா? பெரிய பெயர் எடுத்த ஜாக்கிக்கும் இந்தப் பையனுக்கும் ஒரே தராசுதானா? இது எனக்கு உண்மையாகவே தெரியவேண்டும், குழுவில் ஜெயிப்பதற்காகக் கேட்கவில்லை.

ஊட்டி மணி:

தம்பி வாசு, என் அப்பா சைஸாக, குதிரையைப் பராமரிப்பவராக இருந்தவர். நான் அப்ரெண்டிஸாக முப்பது நாற்பது ரேஸ் ஓட்டினேன், எடை ஏறிவிட்டது, அப்புறம் பதினொரு வருடம் ஒர்க் ரைடர், காலைப் பயிற்சியில் குதிரை ஓட்டுகிற வேலை. இப்போது அந்தத் தொழிலில் இல்லை, அதனால் யாருக்கும் பயப்படாமல் சொல்லலாம்.

கேலரியில் இருந்து பார்க்கிறவருக்குச் சந்து திறந்திருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கேள்வி அது இல்லை. நான் போய்ச் சேரும்போது அந்தச் சந்து இருக்குமா என்பதுதான் கேள்வி. ரேஸ் குதிரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஒரு நொடிக்குப் பதினாறு பதினேழு மீட்டர். 450, 500 கிலோ எடை. நீ கேட்டவுடன் அது பாய்ந்துவிடாது, உன் கையும் காலும் சொன்னது அதன் ஓட்டத்தில் சேர ஒன்றிரண்டு தாவல் ஆகும். அதற்குள் முன்னால் போகிற குதிரை களைத்துச் சரிந்து அந்தச் சந்தை அடைத்துவிட்டால் நீ கடிவாளத்தை இழுத்து நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் அதன் பின்கால் குளம்பில் உன் குதிரையின் முன்கால் தட்டும். அப்படித் தட்டினால் என்ன நடக்கும் என்பதைக் காலை ஒர்க்கில் ஒரு முறை கண்ணால் பார்த்தேன், இப்போதும் தூக்கத்தில் வரும். ரேஸுக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஓடுவது சும்மா இல்லை.

இதில் எது தவறு, எது தவறில்லை? ரெயிலை ஒட்டி வந்தால் தூரம் மிச்சம், அடைபடும் ஆபத்து உண்டு. வெளியே சுற்றி வந்தால் வழி நிச்சயம், வளைவில் ரெண்டு மூன்று லெங்த், அதாவது அத்தனை குதிரை நீளம், போய்விடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும். தேர்ந்தெடுத்தது கைகொடுக்கவில்லை என்பதால் அது தவறாகிவிடாது.

இன்னொன்று வெளியே யாருக்கும் தெரியாது. ரேஸுக்கு முன் குதிரைகளைச் சுற்றவிடும் பேடக்கில் ட்ரெய்னர் காதோடு சொல்லி அனுப்புவது. சில குதிரைகள் முன்னால் போய்விட்டால் ஓடவே ஓடாது, காதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். அந்தக் குதிரைக்குக் கடைசி வரை மறைவு வேண்டும். எனக்கே நடந்தது. "கடைசி 300 மீட்டர் வரைக்கும் கையை அசைக்காதே" என்று சொல்லி ஏற்றிவிட்டார் ஒரு ட்ரெய்னர். நான் அசைக்கவில்லை. மூன்றாவது வந்தேன். இறங்கி சேணத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓனரிடம், என் முன்னாலேயே, "பையன் லேட்டா கிளப்பிட்டான்" என்றார். நான் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விரல் நடுங்கியதில் பக்கிள் கழலவில்லை. வாயைத் திறந்து "நீங்கதான சொன்னீங்க" என்று சொல்லியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். சொல்லாமலும் இரண்டு மாதம் எனக்கு சவாரி கிடைக்கவில்லை.

ஆனால் ஜாக்கி மேல் தவறே வராது என்று நான் சொல்லவில்லை. கவனக்குறைவு வேறு, கணிப்பு வேறு. அமெரிக்காவில் 1957 கென்டக்கி டெர்பியில் பில் ஷூமேக்கர், கேலன்ட் மேன் என்ற குதிரையில், முடிவுக் கம்பத்துக்கு 100 மீட்டர் முன்னால் இருந்த கம்பத்தையே முடிவு என்று நினைத்து அங்கவடியில் எழுந்து நின்றுவிட்டார். ஒரு கணம்தான், உடனே உட்கார்ந்துவிட்டார். மூக்கு வித்தியாசத்தில் அயர்ன் லீஜ் என்ற குதிரையிடம் தோற்றார். 15 நாள் சஸ்பென்ஷன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது, அது கணிப்பு இல்லை, கம்பம் எங்கே என்று தெரிந்து வைத்திருப்பது ஜாக்கியின் வேலை. ஆனால் அந்தக் குதிரையின் ஓனர் என்ன செய்தார் என்று பாருங்கள். அதே ஷூமேக்கரை பெல்மான்ட் ஸ்டேக்ஸில் அதே குதிரையில் ஏற்றினார். எட்டு லெங்த் வித்தியாசத்தில் ஜெயித்தது. அவர் பிற்பாடு 54 வயதில்கூட டெர்பி ஜெயித்தார், மொத்தம் 8,833 வெற்றி.

அன்றைக்கு ஷூமேக்கருக்கு வயது 25, ஏற்கெனவே ஒரு டெர்பி ஜெயித்தவர். அதே தவறை ஒரு அப்ரெண்டிஸ் செய்திருந்தால் எந்த ஓனர் திரும்ப ஏற்றியிருப்பார்? உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் இதுதான். ஸ்டூவர்ட்ஸ் தராசு ஏறக்குறைய ஒன்றுதான், லாயத்துத் தராசு ஒன்றில்லை.

சிங்கை செல்வம்:

மணி அண்ணன் சொன்னதற்கு மேல் குதிரைப் பக்கம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் பார்வையாளன் மட்டும்தான், சிங்கப்பூர் கிராஞ்சி ரேஸ் கோர்ஸில் 2024 அக்டோபர் 5-ம் தேதி கடைசி ரேஸ் நாள் வரை போனவன். ஆனால் ஸ்டூவர்ட்ஸ் எப்படித் தீர்ப்பு சொல்கிறார்கள் என்பதைப் பல வருடமாகப் படித்து வருகிறேன், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். குறுக்கே போய் இடைஞ்சல் செய்தால் அங்கே இரண்டு விசாரணை நடக்கிறது, ஒன்று குதிரையைப் பற்றி, மற்றது ஜாக்கியைப் பற்றி. குதிரை வந்த இடத்தைக் கீழே இறக்குவதா வேண்டாமா என்பதில் உலகமே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ் போன்ற இடங்களில், இடைஞ்சல் நடக்காமல் இருந்திருந்தால் பாதிக்கப்பட்ட குதிரை முன்னால் வந்திருக்குமா என்று பார்க்கிறார்கள். வந்திருக்காது என்றால் முடிவு மாறாது, ஜாக்கிக்கு மட்டும் தண்டனை. அமெரிக்காவில் அப்படியில்லை, இன்னொரு குதிரைக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தைக் கெடுத்துவிட்டால், கெடுத்த குதிரை அதற்குக் கீழே போகவேண்டும்.

2019 கென்டக்கி டெர்பி ஞாபகம் இருக்கும். மழையில் சேறாகிக் கிடந்த ட்ராக். கடைசி வளைவில் முன்னால் போன மேக்சிமம் செக்யூரிட்டி வெளிப்பக்கம் அலைந்தது, பின்னால் வந்த வார் ஆஃப் வில் கால் தடுக்கி விழாமல் போனதே பெரிய விஷயம். முதலாவதாக வந்தும், சுமார் 22 நிமிட ஆய்வுக்குப் பிறகு 17-வது இடத்துக்கு இறக்கினார்கள். ஜெயிக்கும் என்று யாரும் பெரிதாக நினைக்காத, 65-க்கு 1 என்ற விலையில் இருந்த கன்ட்ரி ஹவுஸுக்கு டெர்பி போனது. ஓடும்போது செய்த தவறுக்காக அந்த ரேஸின் வெற்றிக் குதிரையை இறக்கியது அதுதான் முதல் முறை. ஜாக்கி லூயிஸ் சாயெஸுக்கு 15 நாள் சஸ்பென்ஷன்.

நான் அந்த வீடியோவை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குதிரை ஏதோ கண்டு மிரண்டது என்று சாயெஸ் பக்கம் சொன்னார்கள். மிரண்டது குதிரையாகவே இருக்கட்டும், அதை நேராக்க ஜாக்கி என்ன செய்தார், எத்தனை தாவலுக்குள் செய்தார் என்பதுதான் அவருடைய பங்கு. குதிரையை இறக்கியது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு வார் ஆஃப் வில் விழுந்திருந்தால் சாயெஸ் பெயர் என்ன ஆகியிருக்கும்? அவர் செய்தது அதேதான். பின்னால் வந்த குதிரை நிமிர்ந்து நின்றது அவருடைய கெட்டிக்காரத்தனம் இல்லை, விழுந்திருந்தால் அது முழுக்க அவர் குற்றமாகவும் இருந்திருக்காது. தண்டனையில் விளைவைச் சேர்க்காமல் இருக்க முடியாது என்று தெரியும், விழுந்தவனுக்கு எலும்பு முறிகிறது. ஆனாலும் எவ்வளவு சேர்ப்பது என்பதில் ஒரு அளவு வேண்டும்.

பார்க்கிற கண்ணே ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு இன்னொன்று. 2015-ல் இங்கிலாந்தில் டான்காஸ்டரில் செயின்ட் லெஜர் ரேஸ். சிம்பிள் வெர்ஸ் என்ற குதிரை முதலாவது, பாண்டி பீச் இரண்டாவது, இரண்டும் நேரான பாதையில் இடித்துக்கொண்டன. அன்றைக்கே ஸ்டூவர்ட்ஸ் இடம் மாற்றினார்கள். 11 நாள் கழித்து மேல்முறையீட்டில் திரும்ப சிம்பிள் வெர்ஸுக்கே கொடுத்தார்கள். படம் அதே படம், சட்டம் அதே சட்டம். அனுபவம் உள்ள இரண்டு குழுக்கள் நிதானமாக உட்கார்ந்து பார்த்தே இப்படி என்றால், போனில் நாலு அங்குலத் திரையில் ஒரு முறை பார்த்துவிட்டு "கண்ணாலே பார்த்தேன்" என்று சொல்வதற்கு என்ன மதிப்பு?

வாசு, உங்கள் பையன் விஷயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஹாங்காங்கிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒவ்வொரு ரேஸ் நாளுக்கும் ஸ்டூவர்ட்ஸ் அறிக்கை போடுவார்கள், சிங்கப்பூரிலும் போட்டார்கள். எந்தக் குதிரை கேட்டில் தாமதித்தது, எது வெளியே சுற்றியது, எது 400 மீட்டரில் இருந்து 150 மீட்டர் வரை வழியில்லாமல் அடைபட்டது என்று வரிவரியாக இருக்கும். அதைப் படித்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். திட்டுவதற்கு முன் அதைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

ராயபுரம் ரவி:

எல்லாரும் ஜாக்கி பக்கமே பேசுகிறீர்கள், பணம் கட்டுகிறவன் பக்கம் ஒரு ஆள் பேசவேண்டும். அவன் அப்பா அம்மாவைத் திட்டியது அசிங்கம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "பாவம் சின்னப் பையன்" என்று மூடி மறைப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் என்ன சொன்னது? நம்ம கிண்டி சம்பந்தப்பட்ட வழக்குதான் அது. குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, பெரும்பாலும் திறமையை வைத்து முடிவாகிற ஆட்டம் என்று சொன்னது. ரேஸ் இன்றைக்கும் நடக்கிறது என்றால் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது. திறமை என்று சொல்லி ரேஸை நடத்திவிட்டு, ஓட்டினவன் திறமையைக் கேள்வி கேட்டால் "அதிர்ஷ்டம் சரியில்லை, சந்து திறக்கவில்லை" என்று சொன்னால் எப்படி? திறமை என்றால் அதில் குறையும் உண்டு, அந்தக் குறையை வெளிப்படையாகப் பேசத்தான் வேண்டும்.

என் குறை ஸ்டூவர்ட்ஸ் தண்டிக்கிறார்கள் என்பது இல்லை, தண்டித்ததும் தண்டிக்காததும் ஏன் என்று வாசலில் நிற்கிறவனுக்குப் புரிகிற மாதிரி சொல்வதில்லை என்பதுதான். ஃபேவரிட் தோற்றது, என்கொயரி என்று அறிவித்தார்கள், பத்து நிமிடம் கழித்து "விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி. என்ன விளக்கம்? அவன் என்ன சொன்னான், ட்ரெய்னர் என்ன சொன்னார், எந்த வீடியோவைப் பார்த்தீர்கள்? அது தெரியாதபோது கேலரியில் ஒருத்தன் "வித்துட்டான்" என்று சொல்வான், பக்கத்தில் நிற்கிற நாலு பேர் நம்புவார்கள். காரணத்தை விவரமாகப் போட்டால் முதலில் காப்பாற்றப்படுவது அந்தப் பையன்தான். செல்வம் சொன்ன மாதிரி அறிக்கை எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் வரவேண்டும், நான் கேட்பது அதுதான்.

குதிரையை அதன் முழுத் திறமைக்கு ஓடவிடாமல் வேண்டுமென்றே தடுப்பது ஒன்று இருக்கிறது, அதற்குக் கடுமையான தண்டனை வேண்டும், வருடக் கணக்கில் வேண்டும். ஆனால் அந்தக் குற்றச்சாட்டை நிரூபிக்க ஆதாரம் வேண்டும். கழுத்தளவில் தோற்றது ஆதாரம் இல்லை. இதை எங்கள் ஆட்களிடமே நான் சண்டை போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

பெரிய பெயர் விஷயத்தில் மணி அண்ணன் ஸ்டூவர்ட்ஸை லேசாக விட்டுவிட்டார். 2022 செப்டம்பர் 30, பிரான்சில் செயின்ட் க்ளூ. பெரிய ஜாக்கியான கிறிஸ்தோஃப் சூமியோன், ரேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்த ஜாக்கி ரோசா ரயனை முழங்கையால் தள்ளினார், அவர் குதிரையிலிருந்து கீழே விழுந்தார். காயமில்லாமல் தப்பியது கடவுள் புண்ணியம். 60 நாள் தடை கொடுத்தார்கள். சரி. ஆனால் தடை உடனே தொடங்கவில்லை, இரண்டு நாள் கழித்து பாரிஸில் நடந்த ஆர்க் என்ற பெரிய ரேஸில் அவர் வதேனி என்ற குதிரை மேல் ஓட்டி இரண்டாவது வந்தார். விதிப்படி தடை அப்புறம்தான் தொடங்கும் என்றார்கள், விதி அப்படித்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்த விதி எனக்கு ஒப்பவில்லை. அந்தக் குதிரையின் ஓனரான ஆகா கான் தரப்பு அவருடன் இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது, ஸ்டூவர்ட்ஸ் செய்யாததை ஓனர் செய்தார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அதே ஆள்தான் 2011-ல் இங்கிலாந்தில் சாம்பியன் ஸ்டேக்ஸ் ஜெயித்தபோது கடைசி ஃபர்லாங்கில், அதாவது கடைசி 200 மீட்டரில், சாட்டையை ஒரு முறை கூடுதலாகப் பயன்படுத்தினார் என்று 50,000 பவுண்டுக்கு மேல் இழந்தார், கூடவே ஐந்து நாள் தடை. அந்த விதி வந்தே சில நாள்தான் ஆகியிருந்தது, கொஞ்ச நாளில் அதை மாற்றினார்கள். ஒரு கூடுதல் அடிக்கு அவ்வளவு பணம், ஒரு ஆளைத் தள்ளிவிட்டதற்கு ஆர்க்கில் இடம். இப்படி இருந்தால் தராசில் நம்பிக்கை எப்படி வரும்?

பத்து நாள் தடை என்றால் பெரிய ஜாக்கி வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு வருவார், குதிரை அவருக்காகக் காத்திருக்கும். அப்ரெண்டிஸ் பையன் வருவதற்குள் அவன் குதிரையில் வேறொருவன் ஜெயித்திருப்பான், அது அவனுக்குத் திரும்ப வராது. நாள் கணக்கு ஒன்றுதான், இழப்பு ஒன்றில்லை.

சேஷாத்ரி:

வாசு கேட்ட முக்கியமான கேள்வி, முடிவை வைத்து அளப்பதா ஓட்டிய விதத்தை வைத்து அளப்பதா என்பது. இதற்கு 1986-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது, நான் அப்போது லண்டனில் வேலையில் இருந்தேன், டிவியில் பார்த்தேன்.

டான்சிங் பிரேவ் என்ற குதிரை. 2000 கினீஸ் என்ற பெரிய ரேஸை ஜெயித்துவிட்டு எப்சம் டெர்பிக்கு ஃபேவரிட்டாக வந்தது. மேலே ஜாக்கி கிரெவில் ஸ்டார்க்கி. எப்சம் ட்ராக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேட்டில் ஏறி, இறக்கத்தில் வளைந்து டாட்டனம் கார்னர் வழியாக நேர்ப் பாதைக்குள் வரவேண்டும், அந்த நேர்ப் பாதையும் ரெயில் பக்கம் சாய்ந்திருக்கும். ஸ்டார்க்கி கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்து வந்தார். வெளியே எடுத்துக் குதிரையை விட்டபோது முன்னால் இருந்தவர்கள் வெகு தூரம் போய்விட்டார்கள். அந்தக் குதிரை கடைசி இரண்டு ஃபர்லாங் ஓடியதைப் பார்த்து நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். அரை லெங்த் குறைந்துவிட்டது. வால்டர் ஸ்வின்பர்ன் ஓட்டிய ஷாரஸ்தானி ஜெயித்தது.

மறுநாளிலிருந்து ஸ்டார்க்கியை விடவில்லை. பத்திரிகை, டிவி, பப் எல்லா இடத்திலும் அவர்தான் டெர்பியைத் தொலைத்தவர். அவர் அதே குதிரையில் எக்லிப்ஸ் ஸ்டேக்ஸ் சுலபமாக ஜெயித்தார், அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிறகு கிங் ஜார்ஜ் ரேஸில் பேட் எடரி ஓட்டி ஜெயித்தார், அக்டோபரில் ஆர்க்கிலும் எடரிதான்.

பாரிஸ் லோங்ஷாமில் நடந்த அந்த ஆர்க்கைப் பாருங்கள், இப்போதும் இணையத்தில் கிடைக்கும். எடரி எங்கே இருக்கிறார்? பின்னால், அதுவும் வெளிப்பக்கம். நேர்ப் பாதையில் முன்னால் உலகத்தின் மிகச் சிறந்த குதிரைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன, இவர் கையை அசைக்கவே இல்லை. நான் "போச்சு, திரும்பவும் அதே கதை" என்று நினைத்தேன். பிறகு ட்ராக்கின் நடுவே கொண்டுவந்து விட்டார். ஒன்றரை லெங்த் வித்தியாசத்தில், ட்ராக் ரெக்கார்டோடு வெற்றி. உலகத்தின் மிகச் சிறந்த சவாரிகளில் ஒன்று என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இரண்டும் ஒரே சவாரி என்று நான் சொல்லமாட்டேன். எப்சமில் இறக்கம் உண்டு, குதிரை அங்கே தடுமாறியது போலத்தான் எனக்குப் பட்டது, ரேஸின் வேகமும் வேறு. ஸ்டார்க்கி கொஞ்சம் சீக்கிரம் வெளியே எடுத்திருக்கலாம் என்பது என் எண்ணமும்தான். ஆனால் இரண்டு பேரும் எடுத்த ஆபத்து ஒரே இனத்தைச் சேர்ந்தது. ஒருவருக்கு அரை லெங்த் போதவில்லை. அந்த அரை லெங்த் கிடைத்திருந்தால் எடரிக்குச் சொன்னதையெல்லாம் நான்கு மாதம் முன்னாலேயே ஸ்டார்க்கிக்குச் சொல்லியிருப்பார்கள். அவர் 2010-ல் காலமானார், அப்போதும் அவரைப் பற்றி எழுதியவர்கள் இந்த டெர்பியைத் தாண்டி வர முடியவில்லை. அவர் 1978-ல் அதே எப்சம் டெர்பியை ஷெர்லி ஹைட்ஸ் என்ற குதிரையில் தலை அளவு வித்தியாசத்தில் ஜெயித்தவர் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? எனக்கு இது இன்றும் வருத்தம் தருகிற விஷயம்.

வேளச்சேரி வாசு:

எல்லாருக்கும் நன்றி. சேஷாத்ரி ஐயா, இரண்டு ரேஸையும் நேற்று இரவு பார்த்தேன், ஆர்க்கை மூன்று முறை. எடரி அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நொடிகள் தாங்க முடியவில்லை.

மணி அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு நம் பையனின் ரேஸைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், இந்த முறை அவனை மட்டும், அவன் கையை மட்டும் பார்த்தேன். நான் முதலில் எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு ரேஸிலும் அவன் செய்தது ஒன்றுதான் என்று எழுதியிருந்தேன், அப்படி இல்லை. 450 மீட்டர் பக்கத்தில், வெளிப்பக்கக் குதிரை தோளுக்கு வந்து சேர்வதற்கு முன்னால், மூன்று தாவல் அளவுக்கு அவனுக்கு வெளியே வர இடம் இருந்தது. அவன் தலையைத் திருப்பி அதைப் பார்த்தான். நன்றாகத் தெரிகிறது, வெள்ளைத் தொப்பி திரும்புகிறது. பார்த்துவிட்டு உள்ளேயே இருந்துவிட்டான். அடுத்த நொடி அந்த இடம் போய்விட்டது. மூன்று வாரம் முன்பு ஜெயித்த ரேஸில் அந்த மாதிரி ஒரு இடமே அவனுக்கு வரவில்லை, காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அதனால் அவன் தவறு செய்திருக்கிறான் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் எங்கள் குழு திட்டியது அந்தத் தவறுக்கு இல்லை. கடைசி 200 மீட்டரில் "இழுத்துப் பிடித்தான்" என்று திட்டினார்கள், அங்கே அவன் பிடித்தது முன் குதிரையின் காலில் மோதாமல் இருக்க, அங்கே அவனுக்கு வேறு வழியே இல்லை. அதை எழுதிக் குழுவில் போட்டேன், இடத்தையும் நேரத்தையும் குறித்து. பேச்சை நிறுத்தின இரண்டு பேரில் ஒருவர் "450-ல் நீ சொல்றது சரிதான்" என்று மட்டும் பதில் போட்டார். "வித்துட்டான்" என்று எழுதியவர் அதை அழித்துவிட்டார்.

ரவி சார், ஸ்டூவர்ட்ஸ் அறிக்கையைத் தேடினேன். அந்தக் குதிரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் நீங்கள் சொன்னதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன்.

ஊட்டி மணி:

தம்பி, பார்த்த விதம் சரி. ஆனால் "இடம் இருந்தது" என்று முடிவு செய்வதற்கு முன்னால் நேர் எதிரே வைத்து எடுத்த வீடியோ கிடைக்கிறதா பாருங்கள். பக்கவாட்டுப் படத்தில் இரண்டு குதிரைக்கு நடுவே எவ்வளவு அகலம் என்பது தெரியவே தெரியாது, முன்னே பின்னே மட்டும்தான் தெரியும். அவன் தலையைத் திருப்பியது பயத்தினாலா, அளந்து பார்க்கவா என்பதும் அதில்தான் தெரியும். வெளிக் குதிரையின் ஜாக்கி அந்த நேரத்தில் உள்ளே சாய்ந்து கொண்டிருந்தால், நம் பையன் பார்த்ததும் விட்டதும் சரியான முடிவு. கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள்.